இருபது அங்குலம் என்று சொன்னேன்

திருமூர்த்தி அண்ணன் இன்னும் கிணற்றுக்குள்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இறங்கினார். இப்போது திங்கட்கிழமை நள்ளிரவும் தாண்டிவிட்டது. அவர் உயிரோடு இல்லை என்பது இறங்கிய ஒரு மணி நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதனால் என்பது மட்டும் ஞாயிறு ராத்திரி வரை யாருக்கும் தெரியாது.

தோட்டத்துக்காரர் வீட்டில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கலங்கிய பழுப்புத் திரைதான் தெரிகிறது. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன்.

என் பெயர் லோகப்பிரியா. ப்ளஸ் டூ படிக்கிறேன். கோயமுத்தூர் கணபதியில் அப்பாவுக்கு லேத் பட்டறை. கிணற்று மோட்டார் ரிப்பேர்தான் முக்கால்வாசி வேலை. திருமூர்த்தி அண்ணனுக்கு வெள்ளகோவில் பக்கம். கிணற்றில் அறுந்து விழுந்த மோட்டாருக்கு மூழ்கிப்போய்க் கயிறு கட்டி, மேலே எடுத்துக் கொடுப்பார். அந்த மோட்டாரைப் பழுது பார்க்க எங்கள் பட்டறைக்குத்தான் கொண்டுவருவார். எனக்கு ஆறு வயதிலிருந்தே அவரைத் தெரியும்.

அவரிடம் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. பதினெட்டு அங்குலம், அவருடைய தோள் அகலத்துக்கு வெட்டியது. சுவர் சரிந்த கிணற்றில் கல் இடுக்குக்குள் புக வேண்டி வந்தால், முதலில் குச்சியைக் குறுக்கே பிடித்துப் பார்ப்பார். குச்சி போனால் அவர் போவார். போகாவிட்டால் மேலே வந்து, "ஏனுங்க, உங்க மோட்டார் அங்கயே சொகமா இருக்கட்டுங்க" என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன ஜூனில் பட்டறைக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, நீ ரோபோ கீபோன்னு என்னமோ பண்றியாமா. எனக்கு ஒரு கேமரா பண்ணிக் குடேன். கெணத்துக்குள்ள உடற மாதிரி."

"கெணத்துல உடற கேமரா கடையிலயே கிடைக்குதுங்களேண்ணா."

"அது வெறும் படம் புடிக்கிறது. படத்த வெச்சு நான் என்ன, கல்யாண ஆல்பமா போடப் போறேன்? கல்லு எத்தன தூரத்துல கெடக்குது, சந்து எத்தன அகலம், அதச் சொல்லோணும். கீழ ஒண்ணுமே தெரியறதில்ல. தடவித் தடவியே பாதி நேரம் போயிருது."

அதற்கு வேண்டியது டெப்த் கேமரா. படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். தல்ஹாவிடம் கேட்டேன். கோட்டைமேட்டுப் பையன், பாலிடெக்னிக் இரண்டாம் வருடம், ஒரு ரோபோ போட்டியில் பழக்கம். அவன் கல்லூரி லேபிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் வகை. பட்டறையில் பம்ப் சோதிக்கும் பெரிய தொட்டியில் ஒரு கண்ணாடி மீன் தொட்டியை மிதக்கவிட்டு, அதற்குள் கேமராவை வைத்துப் பார்த்தோம். இரண்டடிக்கு மேல் ஒன்றுமே இல்லை. திரை முழுக்கக் கறுப்பு.

திருமூர்த்தி அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டடி பாக்கறதுக்கு எதுக்கு கண்ணு கேமரா? என்ர கையே ரெண்டடி நீளம்."

"தண்ணி அந்த வெளிச்சத்தக் குடிச்சிருதுங்கண்ணா," என்றான் தல்ஹா.

"தண்ணி ஆளையே குடிக்கும் தம்பி. வெளிச்சம் எம்மாத்தரம்."

புள்ளி புள்ளியாக ஒளி தூவிப் பார்க்கும் இன்னொரு வகையும் இருந்தது. அதுவும் அகச்சிவப்புதான், அதனால் வாங்காமலே ஒதுக்கினோம். கடைசியில் இரண்டு லென்ஸ் உள்ளதை எடுத்தோம். நம் இரண்டு கண் மாதிரி, இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தூரம் கணக்கிடும். சாதாரண வெளிச்சம் போதும், ஆனால் விளக்கை நாம் கொடுக்க வேண்டும். விளக்கை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்கிற மாதிரி மின்னும். அதனால் இரண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளிக் கம்பியில் கட்டினோம்.

தண்ணீர் புகாத கூடு அப்பாவின் வேலை. அலுமினிய உருளையை லேத்தில் கடைந்தார். முன்பக்கம் கனமான அக்ரிலிக் தட்டு, நடுவில் ரப்பர் வளையம் உட்காரக் காடி. வளையத்துக்கு கிரீஸ் தடவும்போது என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. "தலமுடி ஒண்ணு மாட்டுனாப் போதும், எண்பதடில தண்ணி ஊசி மாதிரி உள்ள வந்துரும். ஜடையப் பின்னால போடு." கேமரா இல்லாமல் வெறும் டிஷ்யூ காகிதத்தை உள்ளே வைத்துக் கல்லைக் கட்டி, தெரிந்தவர் ஒருவரின் கிணற்றில் ராத்திரி முழுக்க இறக்கி வைத்தோம். இரண்டு தடவை வயர் நுழையும் இடத்தில் நனைந்து வந்தது. மூன்றாவது தடவை காகிதம் உலர்ந்தபடியே வந்தது. அன்றைக்கு அப்பா எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

நான் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். தட்டையான தட்டு வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். ஒளி வளைவதால் அப்படி. குமிழ் மாதிரி வளைந்த கண்ணாடி போட்டால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் இரண்டு லென்ஸுக்கும் தனித்தனிக் குமிழ் வேண்டும், லென்ஸ் அதன் சரியான நடுவில் உட்கார வேண்டும். அது எங்களால் ஆகிற காரியமில்லை. அதனால் தட்டையையே வைத்துக் கணக்கில் சரிசெய்வது என்று முடிவு. அதற்கு இரண்டு வழி. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையைத் தண்ணீருக்குள்ளேயே காட்டிக் கேமராவைப் பழக்கலாம். இல்லையென்றால் காற்றில் பழக்கிவிட்டு, வரும் தூரத்தை ஒன்று புள்ளி மூன்று மூன்றால் பெருக்கலாம். ஏதாவது ஒன்றைத்தான் செய்ய வேண்டும்; இரண்டையும் செய்தால் தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை. தல்ஹா தொழுகை முடித்துப் பட்டறைக்கு வந்து, பலகையைத் தொட்டிக்குள் இறக்கிக் கேமராவைப் பழக்கியிருக்கிறான். டேப் வைத்தும் பார்த்திருக்கிறான். மூன்றடி மூன்றடியாகவே காட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா ரிஃபத்துக்கு நிக்காஹ். பந்தல்காரர் போன் மேல் போன் போட்டதால் என்னிடம் சொல்லாமலே ஓடிவிட்டான்.

சனிக்கிழமை ராத்திரி நான் புரோகிராமைத் திறந்தேன். தண்ணீருக்கான பெருக்கல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒன்று இருந்தது. கல்யாண வேலையில் மறந்துவிட்டான், பாவம், என்று நினைத்தேன். ஒன்றை அழித்துவிட்டு ஒன்று புள்ளி மூன்று மூன்று போட்டேன். கல்யாண வீட்டில் இருப்பவனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று போன் பண்ணவில்லை. தொட்டியில் அப்பா திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய பம்புகளை ஓட்டிக்கொண்டிருந்தார், அதனால் இறக்கிப் பார்க்கவும் இல்லை. நல்ல வேளை நான் பார்த்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை அப்பாவும் நானும் எங்கள் ஆம்னி வேனில் கிளம்பி வெள்ளகோவில் தாண்டி இந்தத் தோட்டத்துக்கு வந்தோம். தோட்டத்துக்காரர் பெயர் திருமலைசாமி. நூறடிக் கிணறு, அறுபதடி தண்ணீர். போன மழையில் ஒரு பக்கச் சுவர் சரிந்து, இரண்டு பெரிய பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி அண்ணனும் அவர் மனைவி மயிலாத்தாள் அக்காவும் முன்னாலேயே வந்திருந்தார்கள். அவர் இறங்கினால் காற்றுக் குழாய்க்கான கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வது எப்போதும் அக்காதான்.

கேமராவை இறக்கினேன். விளக்கு வெளிச்சத்தில் பாறை தெரிந்தது, இடுக்கு தெரிந்தது, உள்ளே மோட்டாரின் குழாயும் தெரிந்தது. ஐம்பது அடித் தண்ணீருக்குக் கீழே இருப்பதை நான் மேலே உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தேன். திருமலைசாமி ஐயா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அட, என்ர மோட்டாரு" என்றார்.

குழாயின் குறுக்களவு கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அங்குலம் என்று காட்டியது.

"ஐயா, பைப்பு எத்தன இஞ்ச் போட்டீங்க?"

"ரெண்டு இஞ்ச் அம்மணி."

பாசி ஏறித் தடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை தடவை திரும்பப் போய்ப் பார்த்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

"சந்து எத்தன கண்ணு?" என்று திருமூர்த்தி அண்ணன் கேட்டார்.

"இருபது இஞ்ச் இருக்குதுங்கண்ணா."

"ரொம்பக் குறுகலான எடத்துல?"

"அந்த எடத்துலதானுங்க இருபது."

அவர் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். பிறகு அதைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தார். "அப்ப இது எதுக்கு, ஒரு கைய அடைச்சுக்கிட்டு."

"எடுத்துட்டே போயேன் திருமூர்த்தி," என்றார் அப்பா.

"ஏன் அருளு, உன்ர புள்ள அளந்தா உனக்கே நம்பிக்கை இல்லியா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்பா கயிறு பிடித்திருந்தார். ஒரு தடவை இழுத்தால் நல்லபடியாக இருக்கிறேன், இரண்டு தடவை இழுத்தால் தூக்கு. கொஞ்ச நேரத்தில் ஒரு இழுப்பு வந்தது. பிறகு இன்னொன்று. திரையில் அவர் கால் இடுக்குக்குள் போவது தெரிந்தது, அதற்குள் சேறு கிளம்பித் திரை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. அப்புறம் கயிறு கணக்கில்லாமல் அடித்தது. அப்பாவும் திருமலைசாமி ஐயாவும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு வரவில்லை. மயிலாத்தாள் அக்கா கம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு, "காத்து போகுதுங்க, காத்து போகுதுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். உள்ளே காற்றுக் குழாய் பாறையில் நசுங்கியிருக்க வேண்டும். கையை முன்னால் நீட்டிப் போகும்போது தோள் ஒடுங்கும். உள்ளே போய்விடலாம். கையை மடக்கினால் திரும்ப முடியாது.

கயிறு நின்றுபோனது.

மத்தியானம் தீயணைப்பு வண்டி வந்தது. அவர்களுடைய மூழ்கும் ஆள் ஒருவர், முப்பது வயது இருக்கும், சாயங்காலம் ஒரு தடவை இறங்கினார். சேற்றில் ஒன்றும் தெரியவில்லை என்று ஏறிவிட்டார். அதிகாரி என்னிடம் வந்தார்.

"பாப்பா, நீதான அளந்தது? சந்து எத்தன?"

"இருபது இஞ்ச் சார்."

நோட்டில் எழுதிக்கொண்டார். "இருபதுன்னா சிலிண்டரக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு ஆள் உள்ள போயிரலாம். காலைல ஆறு மணிக்கு எறங்கலாம்." தண்ணீரை இறைத்துவிட்டு எடுக்கலாமே என்று திருமலைசாமி ஐயா கேட்டார். ஊற்று சுரந்துகொண்டே இருப்பதால் இரண்டு நாளாகும் என்றார் அதிகாரி. மயிலாத்தாள் அக்கா எழுந்து கும்பிட்டார். "ரெண்டு நாளு வேண்டாஞ் சாமி. காலைலயே எடுத்துக் குடுத்துருங்க."

அன்று ராத்திரி, அவர் எப்படி மாட்டினார் என்று பார்க்கத்தான் கேமராவின் பதிவைத் திறந்தேன். மறுபடியும் அந்தக் குழாய். இரண்டே முக்கால். பாசி ஏறினால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தது. தல்ஹாவுக்குப் போன் செய்தேன். பின்னால் இன்னும் பாத்திரச் சத்தம் கேட்டது.

"தல்ஹா, தண்ணிக் கரெக்சன் நீ பண்ணுனியா?"

"வெள்ளிக்கிழமையே தொட்டிக்குள்ள போர்டு வெச்சுப் பண்ணிட்டனே. ஏன்?"

புரோகிராமைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன்.

"லோகு, நீ எதும் போட்டியா?"

"ஒண்ணு புள்ளி மூணு மூணு."

பாத்திரச் சத்தம் தூரமாகிப் போனது. வெளியே நடந்து வந்திருக்க வேண்டும். "அப்ப இருபதுன்னா..." அவன் கணக்குப் போட்டான். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். பதினைந்து. அகலமும் தூரத்தை வைத்துத்தான் கணக்காகிறது. தூரம் பெருத்தால் அகலமும் பெருக்கும்.

"லோகு, நாஞ் சொல்றதக் கேளு. யாருகிட்டயும் சொல்லாத. அவரு போயிட்டாரு. சொன்னா வந்துருவாரா? உங்கப்பாவப் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க. என்னையும் சேத்து."

"காலைல இன்னொருத்தர எறக்கறாங்க. இருபதுன்னு நோட்ல எழுதியிருக்காங்க."

"அவங்க ட்ரெய்னிங் எடுத்தவங்க. கையில தடவிப் பாக்கமாட்டாங்களா?"

"திருமூர்த்தி அண்ணனுந்தான் இருவது வருசமாத் தடவிப் பாத்தவரு."

அவன் அழ ஆரம்பித்தான். நான் போனை வைத்தேன்.

ஆம்னிக்குள் அப்பா சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார், தூங்கவில்லை. சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை.

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. நான் அளந்தேன்னு சொல்லிப்போடறேன். மிசின் என்ர பட்டறைது. பதினேழு வயசுப் புள்ளைய ஸ்டேசன்ல உக்கார வெக்க முடியாது."

"உங்களுக்கு அதத் தொறக்கவே தெரியாதுப்பா. ரெண்டு கேள்வி கேட்டாக் கண்டுபுடிச்சுருவாங்க. அப்பறம் பதினஞ்சுங்கறதையும் நம்ப மாட்டாங்க. அந்தத் தீயணைப்புக்காரர எறக்கிருவாங்க."

அப்பா இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல. பிறகு, "போன் போடு" என்றார்.

சாயங்காலம் நம்பர் கொடுத்துவிட்டுப் போன அதிகாரி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் சொன்னேன். எங்கே தப்பு நடந்தது என்று கேட்டார், சொன்னேன். குழாயைப் பற்றிக் கேட்டார், இரண்டு அங்குலக் குழாய் என்ன காட்டியது என்று சொன்னேன்.

"பதினஞ்சுங்கறது உறுதியா?"

"உறுதிங்க சார்."

"என்ர பையனுக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்குதும்மா." இறங்க இருந்தவரைத்தான் அப்படிச் சொன்னார். "சரி. எறக்கல. தண்ணியத்தான் எறைக்கோணும். நீ ஊருக்குப் போயிராத. போலீஸ்ல கேப்பாங்க, இப்பச் சொன்னத அப்படியே சொல்லு."

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மூன்று பம்புகள் ஓடுகின்றன. போலீஸ்காரர் நான் சொன்னதை எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். கேமராவைக் கூட்டோடு ஒரு சாக்குப் பையில் போட்டு எடுத்துப்போனார். அடுத்து என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

ஆனால் மயிலாத்தாள் அக்காவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. காலையில் எடுத்துவிடுவோம் என்று சொன்னவர்கள் ஏன் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மிசின் கோளாறு என்றார்கள். ஊற்று என்றார்கள். சாயங்காலம் அவர் என்னிடமே வந்துவிட்டார். புடவையெல்லாம் கம்ப்ரசர் எண்ணெய். நேற்று உடுத்தியதுதான்.

"அம்மணி, நீ படிச்ச புள்ள. நீயாச்சுஞ் சொல்லு. எதுக்குப் போட்டு அவர இன்னும் தண்ணிலயே ஊற வெக்கறாங்க?"

அப்பா வேகமாக எங்கள் பக்கம் வந்தார். அவர் வருவதற்குள் நான் சொல்லிவிட்டேன். பெருக்கல், ஒளி எல்லாம் சொல்லவில்லை. சந்து பதினைந்து அங்குலம்தான், நான் தப்பாக அளந்து இருபது என்று சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நீ பதினஞ்சுன்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரா?"

"போயிருக்க மாட்டாருங்க."

"மேல வந்திருப்பாரு."

"ஆமாங்க."

அவர் கீழே உட்கார்ந்தார். அப்பா, "ஏனுங் மயிலாத்தா..." என்று ஏதோ ஆரம்பித்தார். "நீ அக்கட்டப் போ" என்றார், அப்பாவின் முகத்தைப் பாராமலே. அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு அக்கா என் கையைப் பிடித்தார். மணிக்கட்டில், ரொம்ப இறுக்கமாக. இன்னும் தடம் இருக்கிறது.

"உன்ர மேல கேஸு கீஸு என்னமோ போடட்டும். அது எனக்குத் தெரியாது. நீ ஊட்டுக்கு மட்டும் ஓடிப் போயிராத. அவரத் தூக்கறப்ப நீ என்ர பக்கத்துல நிக்கோணும். நான் பாக்கறத நீயும் பாக்கோணும்."

"நிக்கறனுங்கக்கா."

"சாமி மேல சொல்லு."

சொன்னேன்.

இன்னும் பதினோரு அடி தண்ணீர் இருக்கிறது என்று சற்று முன்னால் யாரோ வெளியே பேசிக்கொண்டார்கள். விடிவதற்குள் பாறை வெளியே தெரிந்துவிடுமாம். அப்பா கதவருகில் வந்து, காலையில் நான் வெளியே வர வேண்டாம், அவர் போய் நின்றுகொள்கிறார் என்று சொல்லிப் பார்த்தார். இல்லையென்று தலையாட்டினேன். இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தவரை நான் பார்த்ததில்லை. எப்படி இருப்பார் என்று போனில் தேடப் போய், பயந்து மூடி வைத்துவிட்டேன். இப்போதே எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைக்கிறேன். அவரைத் தூக்கும் நேரத்தில் கூப்பிட்டால் எனக்குக் கால் வராமல் போய்விடும்.